எங்கப்பா ரொம்பக் கெட்டவர்

அத்தியாயம் 7

குழாயின் வாயைத் தீயில் சுட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

ஒரு பேக்கரியின் பின்பக்கம். என் வேலை தண்ணீர் பரிசோதனை. குழாயைத் துடைத்து, வாயைச் சுட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, சுத்தம் செய்த பாட்டிலில் விரல் படாமல் பிடிக்க வேண்டும். விரல் பட்டுவிட்டால் குழாயில் இருப்பது தெரியாது. விரலில் இருப்பதுதான் தெரியும்.

பாட்டிலை மூடிவிட்டு போனை எடுத்தேன்.

"சார், கிளாஸ் டீச்சர் பேசறேன். கொஞ்சம் ஸ்கூல் வரைக்கும் வர முடியுமா?"

"உடம்பு சரியில்லையா அவளுக்கு?"

மழைக்காலத்திலிருந்து யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

"அவ நல்லாத்தான் இருக்கா சார். பக்கத்துல உக்கார்ற பொண்ணுக்குத்தான் நல்லா இல்லை."

"என்ன ஆச்சு?"

"கடிச்சிட்டா."

பேக்கரிக்காரர் கையில் மாவோடு வந்து நின்றார். "தண்ணி நல்லாதானே இருக்கு சார்?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"நல்லா இருக்கும் சார். நாங்களே இதைத்தான் குடிக்கிறோம்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வண்டியைக் கிளப்பினேன்.

சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தாள் என்று அவள் அம்மா செல்லமாக வைத்த பெயர் சுண்டு. வயது ஆறு. முதல் வகுப்பு. வாயில்லாப் பூச்சி என்று பெயர் எடுத்தவள். அவள் அம்மா மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாங்கள் அவள் இல்லாமல் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகும் சுண்டு அமைதியாகத்தான் இருந்தாள். இந்தச் சில வாரங்களாகத்தான் ஆளே மாறிப்போயிருந்தாள். வாஷிங் மெஷினில் பாலை ஊற்றினாள். சித்தியின் சீப்பைக் கழிவறையில் போட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த எங்கள் மேலாளரின் செருப்பை மாடியிலிருந்து தூக்கி எறிந்தாள். மனிதர் ஆறுதல் சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு வீடு போனார்.

ஒவ்வொரு தடவையும் நான் திட்டினேன். திட்டுவது சுலபமாக இருந்தது. அதற்கு எதையும் உணர வேண்டியதில்லை.

*

வகுப்பறையில் பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். டீச்சர் எனக்கு ஒரு குட்டி நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்தன.

ரெட்டை ஜடை போட்ட ஒரு பெண் முழங்கையை நீட்டினாள். வட்டமாகப் பல் தடம். நடுவில் ஒரு பல் விழுந்த இடைவெளி. சந்தேகமே இல்லை, என் மகள்தான்.

"வலிக்கலை அங்கிள்" என்றாள் ரெட்டை ஜடை.

"ஏம்மா கடிச்சா?"

"முதல்ல என்னை அடி, அடின்னு சொன்னா அங்கிள். நான் மாட்டேன்னேன். கிள்ளு அப்படின்னா. அதுக்கும் மாட்டேன்னேன். அப்புறம்தான் கடிச்சா. அப்பவும் நான் திருப்பி அடிக்கலை."

"பாத்தியா சுண்டு" என்றார் டீச்சர். "இவ்வளவு நல்ல பொண்ணைப் போய்க் கடிக்கலாமா?"

அதுவரை சுவரோடு சுவராக நின்றிருந்த சுண்டு சட்டென்று ஓடி வந்தாள்.

"அவளை நல்ல பொண்ணுன்னு சொல்லாதீங்க மிஸ்! சொல்லாதீங்க!"

அழுகை. முகமெல்லாம் சிவந்துபோய், மூச்சு வாங்கும் அழுகை. பொறாமை என்று நான் நினைத்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் அவருக்கு ஏதோ உறுத்தியது. என்னைச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போனார். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் பக்கத்தில் பளபளவென்று காகித நட்சத்திரங்கள். சுண்டுவின் பெயருக்குப் பக்கத்தில் பசை காய்ந்த தடங்கள் மட்டும்.

"மத்தவங்க ஸ்டாரைப் பிய்ச்சா புரியுது சார். இவ தன்னோடதைத் தானே பிய்ச்சிக்கறா. ஏன்னு கேட்டா, எனக்கு வேணாம் மிஸ்ங்கறா." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுல யாராவது அவகிட்டப் பேசறீங்களா சார்? அம்மாவைப் பத்தி?"

"பேசறோம்" என்றேன்.

பொய். வாய் தானாகச் சொன்னது.

*

வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"அப்பா, நான் கெட்ட பொண்ணுதானே?"

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

என் முதுகில் அவள் தலை சாய்ந்தது. நிம்மதியாக ஒரு பெருமூச்சு. அழுத களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. என் மைத்துனி வந்திருந்தாள். சுண்டுவின் சித்தி. தெருமுனையில் பெண்களுக்கான ஒரு பியூட்டி பார்லரில் வேலை. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் உண்டு. காலையில் வந்து சுண்டுவுக்குத் தலை சீவிவிட்டு, பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். மத்தியானம் வருவது வழக்கமில்லை.

"என்ன மாமா, பாதி நாள்லேயே ரெண்டு பேரும்?"

"கடிச்சிருக்கா. சிநேகிதியை."

"இருக்கறதே நாலு பல்லு. அதுலயும் ஓவர்டைமா?" சுண்டுவின் கன்னத்தைக் கிள்ளப்போனாள். சுண்டு கையைத் தட்டிவிட்டு அறைக்குள் ஓடினாள். மைத்துனியின் சிரிப்பு நின்றது. "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்னுதான் வந்தேன்."

"இரு. முதல்ல இவளைப் பாத்துட்டு வரேன்."

அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே குரல் கேட்டது. நின்றேன்.

கட்டிலில் அவள் அம்மா படுக்கும் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி சாமியிடம் பேசும் பழக்கம் அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தடுத்ததும் இல்லை.

"சாமி, இன்னிக்கும் எங்கப்பா என்னைத் திட்டினாரு. நேத்தும் திட்டினாரு. பல்லு விளக்காம காபி குடிச்சாரு. பக்கத்து வீட்டு அங்கிள் வந்தப்போ அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு, உள்ளதான் இருந்தாரு. எங்கப்பா ரொம்பக் கெட்டவரு. சித்தியும் கெட்டவங்க. போன்ல யார்கிட்டயோ சிரிச்சு சிரிச்சுப் பேசறாங்க. கேட்டா கஸ்டமர்னு பொய் சொல்றாங்க. நான் இன்னிக்குக் கடிச்சேன். சரியா? மறந்துடாத சாமி."

கதவுப் பிடியில் வைத்த கை அப்படியே இருந்தது.

ஒன்றும் பொய் இல்லை. பல் விளக்காமல் காபி குடித்தது உட்பட. சொல்லப்போனால் அவள் குறைத்துத்தான் சொல்லியிருந்தாள். அவள் அம்மாவின் புடவைகளை அவளிடம் சொல்லாமல் மூட்டை கட்டிக் கொடுத்தேன். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் டிவியைப் போட்டுவிட்டேன். ஆறு வயதுக் குழந்தை தினம் உட்கார்ந்து என் மேல் புகார் சொல்கிறது. இல்லவே இல்லை என்று நான் நினைக்கும் ஒருவரிடம்.

சமையலறைக்குப் போனேன். அங்கே மைத்துனி இருந்தாள். கைக்கு எட்டியது அவள்தான்.

"அவகிட்ட நீ என்ன சொல்லி வச்சிருக்கே?"

"நானா? என்ன சொன்னேன்?"

"சாமி பாத்துக்கிட்டே இருக்கும், தப்பு பண்ணா கண்ணைக் குத்தும்... இதெல்லாம் இந்த வீட்டுல யாரு பேசறது? நானா? உள்ள உக்காந்து என்னைக் கெட்டவன்னு கோள் மூட்டிக்கிட்டு இருக்கா. உன்னையும் சேத்துத்தான்."

"நீங்க யாருமே பேசறதில்லையே மாமா. நீங்க பேசியிருந்தா நான் ஏன் பேசப்போறேன்?" அவள் குரல் உயரவில்லை. "அக்கா போனதுல இருந்து அவ பேரை இந்த வீட்டுல யாரு எடுக்கறாங்க? அந்தப் பிள்ளை தலை சீவறப்போ எங்கிட்டதான் கேக்குது. எங்கம்மாவுக்கு அங்க யாரு சித்தி தலை சீவிவிடுவாங்கன்னு. நான் என்ன பண்ண? எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாதே. அவளுக்கு உன் சாமியும் வேணாம், உன் கதையும் வேணாம்."

"அப்போ நானும் வேணாம்."

சாவியை அடுப்பு மேடையில் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். அது சத்தத்தைவிட மோசமாக இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரியும். கூப்பிட வாய் வரவில்லை.

*

சுண்டு அறை வாசலில் நின்றிருந்தாள்.

"சித்தி போயிட்டாங்களா?"

"ஆமா."

"கோவமாவா?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு."

என் கை ஓங்கியது. அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. அவள் அம்மாவும் அடித்ததில்லை.

அவள் பின்வாங்கவில்லை. கன்னத்தைக் கொஞ்சம் முன்னால்கூடக் கொண்டுவந்தாள். கண்ணில் பயம் இல்லை. ஆசை மாதிரி ஏதோ இருந்தது.

"அடிப்பா. அடிச்சா நீ நிஜமாவே கெட்டவனாயிடுவே."

கை தானாகக் கீழே வந்தது.

"கெட்டவனானா?"

"ஒண்ணும் ஆகாது."

"யாருக்கு?"

"உனக்குத்தான். கெட்டவங்களை சாமி கூப்பிடாது. நல்லவங்களைத்தான் கூப்பிட்டுக்கும். சீக்கிரமாக் கூப்பிட்டுக்கும்." ஒரு கணக்கை விளக்குவதுபோலச் சொன்னாள். "நான் கெட்டவளாயிட்டேன். உன்னையும் ஆக்கிட்டேன். சித்தியையும் சொல்லிட்டேன். பக்கத்துல உக்கார்றவ மட்டும்தான் ஆகவே மாட்டேங்கறா. எவ்வளவு கடிச்சாலும் அடிக்க மாட்டேங்கறா. மிஸ் வேற நல்ல பொண்ணு, நல்ல பொண்ணுன்னு சத்தமாச் சொல்றாங்க."

தரையில் உட்கார்ந்தேன்.

"யாரு சொன்னா இதை? சித்தியா?"

சித்தி என்று சொல்லிவிட வேண்டும். அந்த நிமிடம் நான் விரும்பியது அது ஒன்றுதான்.

"நீதான்."

"நானா?"

"ஆஸ்பத்திரியில. நான் பன்னு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அம்மாவைத் தூக்கிட்டுப் போனாங்க. எங்கேன்னு கேட்டேன். நீ சொன்னே, நல்லவங்களை சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்னு. நிஜமாவான்னு கேட்டேன். நிஜம்னு சொன்னே."

சொன்னேன்.

அந்த நடைபாதை ஞாபகம் வந்தது. இரும்பு நாற்காலிகள், பினாயில் வாடை, அவள் கையில் பாதி கடித்த பன். சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் அதை அர்த்தத்தோடு சொல்வதில்லை. குளிருக்குக் கையில் கிடைத்த துணியை எடுத்துப் போர்த்துவதுபோல நானும் எடுத்துப் போர்த்தினேன். வேதியியல் படித்தவன். சாமி இல்லை என்று மனைவியோடு வாதம் செய்தவன். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன். பிறகு மறந்துவிட்டேன்.

அவள் மறக்கவில்லை. அதற்குள்ளேயே குடியிருந்தாள்.

"சுண்டு, அது பொய்."

"எது?"

"நான் சொன்னது. யோசிக்காம சொல்லிட்டேன். நல்லவங்கங்கறதுக்காக அம்மா போகலை."

"அப்போ அம்மா நல்லவங்க இல்லையா?"

"நல்லவ. ரொம்ப நல்லவ. ஆனா அதுக்காகப் போகலை. காய்ச்சல் வந்தது. மருந்து குடுத்தாங்க, கேக்கலை. உடம்பு நின்னு போச்சு. காய்ச்சலுக்கு நல்லவங்க கெட்டவங்கன்னு தெரியாது."

"சாமிக்குத் தெரியும்ல?"

"சாமி இருக்கான்னே எனக்குத் தெரியாது சுண்டு."

சொந்த வீட்டு விலாசம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"சித்திக்குத் தெரியும்."

"தெரியலாம்."

"அவங்களைத்தான் நீ துரத்திட்டியே."

"ஆமா."

"அதை நான் செய்யச் சொல்லவே இல்லை" என்றாள். "நான் சும்மா சாமிகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன்.

*

பார்லர் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எங்கும் நாங்கள் தெரிந்தோம். மூன்று பக்கமும் கண்ணாடி. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் தலை முழுக்கக் கறுப்புச் சாயத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். நெற்றியிலும் சாயம் வழிந்திருந்தது. என் மைத்துனி கையுறையோடு பிரஷ் பிடித்து நின்றிருந்தாள். திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தே பேசினாள்.

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது."

கதவுக்கு வெளியே கால் வைத்து, தலையை மட்டும் உள்ளே வைத்து நின்றேன். சுண்டு உள்ளே போய் ஒரு சுழல் நாற்காலியில் ஏறிக்கொண்டாள்.

"வரட்டும்மா" என்றார் சாயப் பெண்மணி. "என்னை இந்த லட்சணத்துல பாத்தாச்சு. இனிமே என்ன மறைக்க இருக்கு?"

உள்ளே போனேன். எங்கே நின்றாலும் மூன்று இடத்தில் என் முகம் தெரிந்தது.

"நான்தான் சொல்லியிருக்கேன்" என்றேன். "நல்லவங்களை சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்னு. நீ இல்லை. ஆஸ்பத்திரியில நான்தான் சொன்னேன். அதை நம்பித்தான் இவ கெட்டவளாகப் பாத்திருக்கா. நம்ம ரெண்டு பேரையும் சாமிகிட்டக் கெட்டவங்கன்னு சொன்னதும் அதுக்குத்தான். நாம போயிடக்கூடாதுன்னு."

மைத்துனியின் பிரஷ் நின்றது.

"நீங்களா? சாமியே கிடையாதுன்னு அக்காகூட மல்லுக்கு நின்ன ஆளா?"

"ஆமா. தப்பு. உன்னைப் பேசினதும் தப்பு."

அவள் கையுறையைக் கழற்றாமல் சுண்டுவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"சித்தி" என்றாள் சுண்டு, "நல்லவங்களை சாமி கூப்பிடுமா, கூப்பிடாதா? அப்பாவுக்குத் தெரியலையாம்."

"நல்லவங்கங்கறதுக்காக சாமி யாரையும் கூப்பிடாது தங்கம்."

"இல்லை. கூப்பிடும்."

"யாரு சொன்னா? அப்பாதான் பொய்யின்னு சொல்லிட்டாரே."

"அப்பா சொன்னதுனால இல்லை. நீங்க சொன்னதுனாலதான்."

"நான் என்னடா சொன்னேன்?"

சுண்டு நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள். குரல் இறங்கிவிட்டது.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ நீங்கதான் சொன்னீங்க. கண்ணை மூடிக்கோ, எங்கம்மா ரொம்ப நல்லவங்கன்னு சாமிகிட்டச் சொல்லு, குழந்தை சொன்னா சாமி கேக்கும்னு. நான் சொன்னேன். நிறைய வாட்டி சொன்னேன். வெளியில வண்டிச் சத்தமா இருந்துச்சு, அதனால கத்திச் சொன்னேன். அது வரைக்கும் எங்கம்மா நல்லவங்கன்னு சாமிக்குத் தெரியாது. நான்தான் காட்டிக் குடுத்துட்டேன்."

கண்ணாடியில் நானும் மைத்துனியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் சொன்னது நல்லதுக்கு. நான் சொன்னது ஆறுதலுக்கு. தனித்தனியே இருந்தால் ஒன்றும் செய்யாத இரண்டு திரவங்கள். இரண்டையும் நாங்கள் ஒரே பாத்திரத்தில் ஊற்றியிருந்தோம். அந்தப் பாத்திரத்துக்கு ஆறு வயது. மழைக்காலம் முழுக்க, பனிக்காலம் முழுக்க, அம்மாவைக் கொன்றது தான்தான் என்று நினைத்துக்கொண்டு அது சாப்பிட்டது, தூங்கியது, பள்ளிக்கூடம் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தேன்.

மைத்துனி வாயைப் பொத்த கையைத் தூக்கினாள். கையுறையில் சாயம் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். அழுகை அப்படியே வந்தது.

நான் சுண்டுவின் நாற்காலியை என் பக்கம் திருப்பினேன்.

"நானும் சொன்னேன்."

"என்ன?"

"நீ சொன்னதையேதான். ஆஸ்பத்திரி மாடிப்படியில நின்னு, யாரும் இல்லாதப்போ. அவ ரொம்ப நல்லவ, விட்டுடுன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"சாமிகிட்டத்தான்."

"சாமி இருக்கான்னே தெரியாதுன்னியே?"

"தெரியாது. இருந்தா கேக்கட்டும்னு சொன்னேன்."

மைத்துனி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அக்காவிடம் சொல்ல ஒரு சமாச்சாரம் கிடைத்து, சொல்ல அக்கா இல்லாதது அந்தப் பார்வையில் இருந்தது. இதை யாரிடமும் சொல்வதாக எனக்கு எண்ணம் இல்லை. வெட்கமாக இருந்தது. கேட்டதற்கு ஒரு வெட்கம், கேட்டும் கிடைக்காததற்கு ஒரு வெட்கம்.

"நானும்தான் சொன்னேன்" என்றாள் அவள். "விடியற வரைக்கும் சொன்னேன்."

சுண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ மூணு பேரும் சேந்தா காட்டிக் குடுத்தோம்?"

"இல்லை" என்றேன். "மூணு பேரும் கெஞ்சினோம். நடக்கலை. நீ சொன்னதால அம்மா போகலை. நான் சொன்னதாலயும் போகலை. சித்தி சொன்னதாலயும் போகலை. அம்மா இருக்கணும்னுதான் மூணு பேரும் கேட்டோம்."

"அப்புறம் ஏன் சாமி குடுக்கலை?"

நான் மைத்துனியைப் பார்த்தேன். இது அவள் பக்கத்துக் கேள்வி.

"எனக்கும் தெரியலைடா" என்றாள். "கேட்டுக் கேட்டுப் பாத்தேன், பதிலே இல்லை. அதுக்கப்புறம் நான் சாமிகூடப் பேசறதில்லை. காய் விட்டுட்டேன்."

"என்னை மட்டும் தினம் பேசச் சொல்றீங்க?"

"உங்கம்மா சொல்லிக் குடுத்தது. அது உன்கிட்டயாவது இருக்கட்டும்னு பாத்தேன்."

சாயப் பெண்மணி மூக்கை உறிஞ்சினார். "ஏம்மா, எனக்கும் அழுகையாத்தான் வருது. ஆனா மண்டை எரியுது. அழுதுக்கிட்டே கழுவி விட்டுடேன். ஊதாக் கலர் ஆச்சுன்னா எங்க வீட்டுக்காரர் வாசல்லயே நிறுத்திடுவாரு."

சுண்டு சிரித்துவிட்டாள். பல் விழுந்த இடம் தெரிந்தது. அவள் சிரித்து அதை நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

மைத்துனி அவரை எழுப்பித் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது. நான் பக்கத்தில் போய்ச் சாவியை அலமாரியில் வைத்தேன். அங்கே இருந்த அவள் போன் அதிர்ந்தது, திரை ஒளிர்ந்தது. ஈரக் கையோடு அவசரமாக அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏதோ விஷயம் பேசணும்னியே" என்றேன்.

"இன்னிக்கு வேணாம் மாமா. இன்னிக்கு அவளுக்கு இது போதும்."

"காலையில தலை சீவ வருவேல்ல?"

அவள் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினாள். சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டாள். சாவி வைத்த இடத்திலேயே இருந்தது.

சுண்டு நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியிருந்தாள். அவள் பின்னால் போய் நின்றேன்.

"அப்பா, அப்போ நல்லவங்களா இருந்தா ஒண்ணும் ஆகாதா?"

ஆகாது என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. வாயில் தயாராக இருந்தது.

"ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ல முடியாது சுண்டு. ஆனா நல்லவங்களா இருக்கறதால எதுவும் ஆகாது."

"நிஜமா?"

"நிஜமா."

"அன்னிக்கும் நிஜமான்னு கேட்டேன். நிஜம்னுதான் சொன்னே."

"அன்னிக்கு உன்னைப் பாக்காம சொன்னேன். இன்னிக்குப் பாத்து சொல்றேன்."

கண்ணாடி வழியாக என்னை நன்றாகப் பார்த்தாள். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு அவள் பார்வை போய் வந்தது. பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"சாமி, நான்தான். எங்கப்பாவைப் பத்தி ஒண்ணு மாத்திச் சொல்லணும்." எச்சில் விழுங்கினாள். "எங்கப்பா..."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பா கொஞ்சம் நல்லவரு."

சொல்லிவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். நான் இன்னும் பின்னால்தான் நிற்கிறேனா என்று கண்ணாடியில் பார்த்தாள்.